குடியேறும் பவளமீன் குஞ்சுகளை எண்ணுவது எப்படி

ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃப் பவளப்பாறைத் தொடரில், லிசார்டு தீவை ஒட்டி, அம்போன் டாம்செல் என்ற சிறு பவளமீனின் குஞ்சுகளை எண்ணும் முறை இது. முட்டையிலிருந்து வந்த குஞ்சு மூன்று வாரம் போல திறந்த கடலில் அலைந்துவிட்டு, ஒன்றரை சென்டிமீட்டர்கூட இல்லாத கண்ணாடி உடம்போடு ராத்திரியில் பாறைக்கு வந்து சேரும். கண்ணால் பார்த்துப் பிடிக்கும் வேட்டை மீன்கள் அடங்கியிருக்கும் நேரம். நவம்பர், டிசம்பரில் அமாவாசையை ஒட்டி வரத்து கூடும்.

பெரிய பாறையில் எண்ணப் போனால் முடிவே இருக்காது. அதிலிருந்து 15–20 மீட்டர் தள்ளி, வெறும் மணலில், ஒரு மீட்டர் அகலத்துக்குச் செத்த பவளத் துண்டுகளைக் குவித்து, மேலே உயிருள்ள கிளைப்பவளம் ஒன்றை வையுங்கள். (கடல் பூங்கா அனுமதி இல்லாமல் ஒரு துண்டைக்கூட நகர்த்தக் கூடாது.) குவியலுக்குக் குவியல் 10 மீட்டராவது இடைவெளி வேண்டும். கிட்டக்கிட்ட வைத்தால் குஞ்சு இடம் மாறிவிடும். நேற்று எண்ணியதையே இன்று புதுவரவாக எழுதுவீர்கள்.

முந்தின நாள் மாலையே குவியலில் உள்ள மீன்களைக் கைவலையால் அகற்றுங்கள். முக்கியமாக, குஞ்சுகளைத் தின்னும் பழுப்பு டாட்டிபேக் மீனை. விரல் நீளம்தான் இருக்கும், துண்டுகளுக்கு அடியில் ஒண்டிக்கொள்ளும். ஒன்று தங்கினாலும் காலைக் கணக்கு பாழ்.

விடிந்ததும் இறங்கி, ஒரு மீட்டர் தள்ளி இரண்டு நிமிடம் அசையாமல் இருங்கள். ஒளிந்தவை வெளியே வரும். அதற்குள் நிறம் ஏறியிருக்கும்: மஞ்சள் உடம்பு, முதுகுத் துடுப்பின் பின்பக்கம் கண் போல ஒரு கரும்பொட்டு. எண்ணிக்கையோடு எது எங்கே நிற்கிறது என்பதையும் பலகையில் பென்சிலால் குறியுங்கள். பெரியது அடியில், பொந்தை ஒட்டி நிற்கும். சிறியதைத் துரத்தித் துரத்திப் பவளத்தின் உச்சிக்கு ஏற்றிவிடும். மறைவிடம் எட்டாத உச்சியில் நிற்பதுதான் பெரும்பாலும் முதலில் காணாமல் போகும். பெரியதற்கு உள்ள அனுகூலம் முந்தி வந்து இடம்பிடித்ததற்கும் உண்டு.

பலர் சறுக்குவது நாள் தள்ளி எண்ணுவதில்தான். பவளமீன் குஞ்சுகளில் சராசரியாகப் பாதிக்கு மேல் முதல் இரண்டு நாளிலேயே இரையாகிவிடும். வாரம் ஒருமுறை எண்ணினால் கிடைப்பது பிழைத்தவற்றின் கணக்கு, வந்தவற்றின் கணக்கு அல்ல.

தினமும் இறங்க வழியில்லையென்றால் சில குஞ்சுகளைப் பிடித்து, அவற்றின் காதுக்குள் இருக்கும் சிறு கல்லை (செவிக்கல்) எடுத்துத் தேய்த்து நுண்ணோக்கியில் பாருங்கள். நாளுக்கு ஒரு வளையம். பாறைக்கு வந்த அன்று வளையத்தின் அகலம் சட்டென்று மாறும். அங்கிருந்து விளிம்புவரை எண்ணினால் வந்த தேதி தெரியும். இரையாகிப் போனவை இதிலும் கணக்கில் வராது.