ஸ்டிக்கரைப் பார்த்து மவுண்டன் பைக்கை எடைபோடுவதில் வரும் தவறுகள்

யாராவது ஒரு மவுண்டன் பைக்கைக் காட்டினால், நம் கண் முதலில் பிரேமில் எழுதியிருக்கும் பெயருக்குத்தான் போகிறது. அப்புறம்தான் வெல்டிங், முன்சக்கரத்தைத் தாங்கி அதிர்வை வாங்கும் ஃபோர்க், டயர் எல்லாம். பெயர் பெரியதாக இருந்தால், கொஞ்சம் மேடுபள்ளமான வெல்டிங்கைக்கூட "கைவேலை, அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடுகிறோம். கேள்விப்படாத பெயர் என்றால், அதே வெல்டிங் மட்டமான வேலை ஆகிவிடுகிறது. நானும் இப்படிப் பார்த்தவன்தான்.

இதில் பலரும் சறுக்குகிற இடம், ஒரு பிராண்டை ஒரே பொருளாக நினைப்பது. ஸ்பெஷலைஸ்ட் நிறுவனம் 1981இல் ஸ்டம்ப்ஜம்பரைக் கொண்டுவந்தது. பெரும் எண்ணிக்கையில் தயாரித்து விற்கப்பட்ட முதல் மவுண்டன் பைக் என்று அதைத்தான் சொல்வார்கள். அந்தப் புகழின் வெளிச்சம் அதே நிறுவனத்தின் தொடக்கநிலை ராக்ஹாப்பர் மீதும் விழுகிறது. ராக்ஹாப்பர் மோசமான பைக் இல்லை, ஆனால் அது வேறு வேலைக்குச் செய்யப்பட்டது. ட்ரெக் நிறுவனத்தின் தொடக்கநிலை மார்லினும் அதைவிட உயர்ந்த ஃபியூவல் இஎக்ஸும் அப்படித்தான். பெரிய பிராண்டுகளின் அடிமட்ட மாடல்களில் பெரும்பாலும் ஃபோர்க்குக்குள் வெறும் இரும்புச் சுருள்தான் இருக்கும். காற்றால் இயங்கும் ஃபோர்க் என்றால், ஓட்டுபவரின் எடைக்கேற்ப ஒரு சின்ன பம்பை வைத்து அழுத்தத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். சுருளில் அந்த வசதி கிடையாது. அதே பணத்துக்குப் பெயர் தெரியாத பிராண்டு ஒன்று காற்று ஃபோர்க் கொடுத்தால், கரடுமுரடான பாதையில் எது நன்றாக ஓடும் என்பதைப் பெயர் சொல்லாது.

அடுத்தது, பெயர் யாருடையதோ அவர்தான் செய்தார் என்ற நம்பிக்கை. ஷ்வின் ஒரு காலத்தில் அமெரிக்காவின் பெரிய சைக்கிள் பெயர். 1980இல் அதன் சிகாகோ தொழிற்சாலையில் வேலைநிறுத்தம் நடந்த பிறகு, அந்த நிறுவனம் தயாரிப்பைப் பெருமளவில் தைவானுக்கு நகர்த்தியது. அங்கே செய்துகொடுத்தது ஜயன்ட். 1992இல் ஷ்வின் திவாலானது. செய்துகொடுத்த ஜயன்ட்டோ உலகின் மிகப் பெரிய சைக்கிள் நிறுவனங்களில் ஒன்றாக வளர்ந்தது. இன்னொரு தைவான் நிறுவனமான மெரிடா ஸ்பெஷலைஸ்டில் பங்கு வைத்திருக்கிறது, அதற்கு பைக்குகளையும் செய்துகொடுக்கிறது. "ஸ்பெஷலைஸ்ட் என்றால் தரம், மெரிடா சுமார்" என்று பேசுபவர்களிடம் இதைச் சொன்னால் முகம் மாறும்.

ஆனால் இதைத் தெரிந்துகொண்டவர்கள் நேர் எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடுவதும் உண்டு. "எல்லாம் ஒரே தொழிற்சாலை, ஸ்டிக்கர்தான் வேறு" என்பார்கள். ஒரே தையல்காரர் இரண்டு பேருக்குச் சட்டை தைத்தாலும் துணியும் அளவும் கொடுப்பவரைப் பொறுத்தவை அல்லவா? எந்த உலோகக் கலவை, குழாய்ச் சுவர் எவ்வளவு தடிமன், எந்த அளவு பிசகினால் பிரேமைத் திருப்பி அனுப்புவது என்பதையெல்லாம் பெரும்பாலும் ஆர்டர் கொடுக்கும் நிறுவனம்தான் முடிவுசெய்கிறது. கூரை ஒன்றாக இருப்பதால் பொருளும் ஒன்றாகிவிடாது.

பழைய பெயர்களிடம் இன்னும் எச்சரிக்கை வேண்டும். நிறுவனம் போன பிறகும் பெயர் விற்பனைக்கு வரும். ஷ்வின் 2001இல் மறுபடி திவாலாகி வேறு கைக்குப் போனது. அதன்பின் அந்தப் பெயர் பெரும்பாலும் பல்பொருள் அங்காடிகளின் மலிவு சைக்கிள்களில்தான் தென்பட்டது. அப்பா காலத்து ஷ்வினை நினைத்துக்கொண்டு இதை வாங்குபவர், பெயரை மட்டும்தான் வாங்குகிறார்.

எனக்குப் பிடித்த உதாரணம் அயர்ன் ஹார்ஸ். ஆஸ்திரேலியாவின் சாம் ஹில் 2006, 2007 இரண்டு ஆண்டுகளிலும் டவுன்ஹில் (மலை இறக்கப் பந்தயம்) உலக சாம்பியன் ஆனபோது ஓட்டியது அந்த பிராண்டின் 'சண்டே' பைக்கைத்தான். அந்த பைக்கின் பின்சக்கர சஸ்பென்ஷன், அதாவது அதிர்வு தாங்கும் அமைப்பு, டேவ் வீகிள் வடிவமைத்தது. இன்றும் அதைப் பற்றிப் பேசினால் சிலருக்குக் கண் பளபளக்கும். அதே பெயரில் பெரிய கடைச் சங்கிலிகளில் மலிவு சைக்கிள்களும் விற்றன. நிறுவனம் 2009இல் திவாலானது. ஆக, "அயர்ன் ஹார்ஸ் ஒரு சகாப்தம்" என்பவரும் சரி, "அது தகரம்" என்பவரும் சரி. இருவரும் பார்த்தது வேறு வேறு பைக். பந்தய வெற்றியை வைத்து பிராண்டை மதிப்பிடும்போது இன்னொன்றும் மறந்துபோகிறது. சாம்பியனின் சஸ்பென்ஷன் அவர் எடைக்கும் வேகத்துக்கும் அந்தப் பாதைக்கும் சரிசெய்யப்பட்டது, கூடவே ஒரு மெக்கானிக்கும் இருப்பார். கடையில் நமக்குக் கிடைப்பது அதுவல்ல.

உதிரிபாகத்தின் பெயரிலும் இதே மயக்கம்தான். "ஷிமானோ கியர்" என்பது மட்டும் தகவலே ஆகாது. அடிமட்ட வரிசையான டோர்னியும் ஷிமானோதான், உச்ச வரிசையான எக்ஸ்டிஆரும் ஷிமானோதான். செயினைப் பல்சக்கரம் மாற்றித் தள்ளும் பின் டிரெயிலியர் எல்லோர் கண்ணிலும் படும் பாகம். அதனால் அதை மட்டும் உயர்ந்த வரிசையில் போட்டுவிட்டு, கியர் மாற்றும் ஷிஃப்டர், சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப், பிரேக் எல்லாவற்றையும் இரண்டு படி கீழே இறக்குவது ரொம்ப நாளாக நடக்கிற வேலை. அதில் மறைவது பெரும்பாலும் ஹப்பும் பிரேக்கும்.

நண்பர்களின் சாட்சியத்தையும் கொஞ்சம் தள்ளுபடி செய்துதான் கேட்க வேண்டும். பெரிய தொகை கொடுத்து வாங்கியவர் தன் பைக்கைக் குறைசொல்ல மாட்டார். சொன்னால் தன்னையே குறைசொன்ன மாதிரி ஆகிவிடும். அதேபோல், பாதையில் எங்கே பார்த்தாலும் இருக்கும் பிராண்டின் பிரேம் முறிந்த கதைகள் அதிகம் காதில் விழும். ஓடுபவை அதிகம் என்பதே அதற்குக் காரணமாக இருக்கலாம்.

சரி, பெயருக்கு மதிப்பே இல்லையா? இருக்கிறது. ஐந்து வருடம் கழித்து சஸ்பென்ஷன் இணைப்பின் பேரிங்கோ ஒரு போல்ட்டோ தேவைப்படும்போதுதான் அது தெரியும். டிரெயிலியரைத் தாங்கும் ஹேங்கர் வளைந்தால், பல பழைய பிரேம்களுக்கு அந்த மாடலுக்கே உரிய துண்டைத் தேட வேண்டும். 2019இல் உதிரிபாக நிறுவனமான ஸ்ராம் கொண்டுவந்த பொது ஹேங்கரைப் பல பிராண்டுகள் ஏற்றுக்கொண்ட பிறகு இந்தத் தலைவலி குறைந்திருக்கிறது. சான்டா குரூஸ் போன்ற பிராண்டுகள் பிரேமுக்கு ஆயுள்கால உத்தரவாதம் தருகின்றன. ஆனால் இத்தகைய உத்தரவாதங்கள் பொதுவாக முதலில் வாங்கியவருக்கு மட்டுமே. அந்தப் பெயரை நம்பிப் பழைய பைக் வாங்கும்போது, பெயரின் விலையைக் கொடுத்தும் உத்தரவாதம் கைக்கு வராமல் போகலாம்.

பழைய பைக்கில் வயதும் சேர்ந்துகொள்கிறது. 2000களின் இறுதியில் வந்த டிரெயில் பைக்குகளில் ஃபோர்க் தரையோடு சாயும் கோணம் 69, 70 டிகிரி அளவில் இருந்தது. இன்று 65ஐ ஒட்டி வந்துவிட்டது. கோணம் குறையக் குறைய முன்சக்கரம் முன்னே தள்ளிப் போகும், செங்குத்தான இறக்கத்தில் பைக் நிதானமாக நிற்கும். ஆகவே அன்றைய உச்ச பிராண்டின் உச்ச மாடலைவிட, இன்றைய சாதாரணப் பெயர் ஒன்று இறக்கத்தில் தைரியம் தரலாம். பழையது பார்க்கப் போனால் நான் முதலில் குனிந்து ஹெட் டியூபின் (ஃபோர்க் நுழையும் பிரேமின் முன்குழாய்) அடிப்பக்க வெல்டிங்கில் விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பேன். அப்புறம் ஃபோர்க்கின் வழவழப்பான குழாயில் விரலை ஓட்டிக் கீறல் தேடுவேன். நகம் சிக்கினால், என்ன பெயர் எழுதியிருந்தாலும் விலை பேசுவதில்லை.