கிட்டார் பாடிக்குச் சாயம் ஏற்றும் முன்

வீட்டிலேயே செய்த எலக்ட்ரிக் கிட்டாரின் பாடியில் சாயம் திட்டுத்திட்டாகப் பிடித்தால், பெரும்பாலும் சாயத்தின் மேல் குற்றமில்லை. தேய்ப்பில்தான் கோளாறு. 120, 180, 220 என்று (எண் கூடக் கூடச் சொரசொரப்பு குறையும்) உப்புத்தாளை வரிசையாக மாற்றி, மர இழை ஓடும் திசையிலேயே தேயுங்கள். அவசரத்தில் 180-ஐத் தாண்டிக் குதித்தால், 120 போட்ட கீறல்கள் சாயம் பட்டதும் கறுப்புக் கோடுகளாகப் பல்லிளிக்கும்.

அடுத்து ஈரத்துணியால் பாடி முழுக்க ஒரு துடை. இழைகள் சிலிர்த்து எழும். காய்ந்ததும் 220-ஆல் லேசாகத் தடவினால் போதும். அந்த ஈரத்திலேயே, ஒட்டிய பலகைகளின் இணைப்பைச் சாய்வான வெளிச்சத்தில் பாருங்கள். பசை கசிந்த இடம் மட்டும் நனையாமல் வெளுத்துத் தெரியும். சாயமும் அங்கே ஏறாது, சுரண்டிவிடுங்கள்.

பாடியின் மேல் கீழ் விளிம்புகளில் இழை வெட்டுப்பட்டிருப்பதால் சாயத்தை உறிஞ்சித் தள்ளும். அங்கு மட்டும் 320 வரை தேய்த்தால் நிறம் ஒத்துப்போகும். மிஞ்சிய துண்டுப் பலகையில் சோதித்துவிட்டே பாடியைத் தொடுங்கள்.

மேற்பூச்சு மெல்லிசாக, பல தடவை. கழுத்து பொருந்தும் குழியை டேப் ஒட்டி மறைக்க மறக்காதீர்கள். பூச்சு தடித்தால் கழுத்து உள்ளே இறங்காது. ஆளி விதை எண்ணெய் பூசுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: துடைத்த துணியைக் கசக்கி எறியாதீர்கள், தானாகவே தீப்பிடிக்கும். திறந்தவெளியில் விரித்துக் காயவிடுங்கள்.