ஆயில் சீலைக் குறை சொல்லாதீர்கள்: பழைய கேரவனில் பவர் ஸ்டீயரிங் ஆயில் கசிவு

பொள்ளாச்சிப் பக்கம் படப்பிடிப்பு நடக்கும் நாட்களில் எங்கள் பட்டறைக்குக் கேரவன் வராமல் இருக்காது. பெரும்பாலும் பழைய பஸ் சேஸியின் மேல் அறை கட்டிய வண்டிகள். மாதக்கணக்கில் ஓரிடத்தில் நின்றுகொண்டிருக்கும். அழைப்பு வந்ததும் தென்னந்தோப்புக்குள் நுழைத்து, நின்ற இடத்திலேயே முன்சக்கரத்தை முறுக்கித் திருப்பி நிறுத்துவார்கள். ஏசி, ஜெனரேட்டர், தண்ணீர்த் தொட்டி என்று எடையும் சேர்ந்துகொள்கிறது. ஸ்டீயரிங்கில் ஆயில் ஒழுக இவையே போதும்.

போன வாரம் அப்படி ஒரு வண்டி வந்தது. எங்களிடம் தொழில் பழகும் தம்பிகள் இருவர் அடியில் படுத்தார்கள். டிரைவர் திருப்புவதைச் சக்கரத்துக்குக் கடத்தும் ஸ்டீயரிங் பாக்ஸின் அடியில் ஈரத்தைப் பார்த்ததும், அதைக் கழற்ற இருவரும் சுத்தியலைத்தான் தேடினார்கள். பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு நானும் அதைத்தான் தேடினேன். அன்று எனக்குச் சொல்ல ஆள் இல்லை. அதனால் இதை எழுதுகிறேன். ஜாக்கியோடு கட்டையும் வைக்க வேண்டும், என்ஜின் சூடு ஆற வேண்டும் என்பதையெல்லாம் பட்டறையில் கால் வைத்த முதல் நாளே சொல்லிவிடுவார்கள். அவற்றை விட்டுவிட்டு, கசிவைத் தேடும்போதும் சரிசெய்யும்போதும் நடக்கும் தவறுகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

ஈரம் தெரியும் இடமே ஓட்டை என்று முடிவு கட்டுவது

ஆயில் கீழ்நோக்கி இறங்கும். ஓடும் வண்டியில் காற்று அதைப் பின்னால் தள்ளும். மேலே ஆயில் டப்பாவுக்கு ஆயில் திரும்பி வரும் ரிட்டர்ன் ஓஸில் கிளிப் தளர்ந்திருந்தாலும், சொட்டு விழுவது ஸ்டீயரிங் பாக்ஸின் அடியில்தான். முதலில் டீசலும் பிரஷும் கொண்டு எல்லாவற்றையும் கழுவுங்கள். சோப்புத் தண்ணீர் அடித்துக் காயவிடுங்கள். காய்ந்த பிறகு சாக்பீஸ் பொடியைத் தூவுங்கள். என்ஜினை ஓடவிட்டு ஒருவர் ஸ்டீயரிங்கை மெதுவாக இரு பக்கமும் திருப்ப, இன்னொருவர் பக்கவாட்டில் இருந்து டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். வெள்ளைப் பொடியில் முதல் ஈரம் எங்கே ஊறுகிறதோ அதுதான் இடம். நிறத்தையும் கவனியுங்கள். ஏடிஎஃப் (ஆட்டோமேடிக் கியர்பாக்ஸுக்கான ஆயில்) ஊற்றிய வண்டியில் சிவப்பாக இருக்கும். கறுப்பாக இருந்தால் என்ஜின் ஆயிலாக இருக்கலாம். ஸ்டீயரிங்கைத் தொடுவதற்கு முன் என்ஜினைப் பாருங்கள்.

டப்பாவை விளிம்புவரை நிரப்புவது

சூட்டில் ஆயில் விரிந்து மூடி வழியே வெளியேறும். கோடு வரை போதும்.

சீலை மட்டும் மாற்றுவது

என்னால் இன்றும் பொறுத்துக்கொள்ள முடியாத தவறு இதுதான்.

ஸ்டீயரிங் பாக்ஸிலிருந்து கனமான ஷாஃப்ட் ஒன்று வெளியே வருகிறது. அதன் முனைப் பற்களில்தான், முன்சக்கரங்களைத் திருப்பும் டிராப் ஆர்ம் என்ற நெம்புகோல் ஏறியிருக்கிறது. ஷாஃப்ட் வெளியே வரும் வாயில் ஆயில் சீல் இருக்கிறது. சீல் என்பது ஒரு ரப்பர் உதடும், அதை ஷாஃப்டோடு அணைத்துப் பிடிக்கும் மெல்லிய சுருள் வளையமும்தான். அந்த உதடு ஷாஃப்டை ஒரு நூல் அகலத்துக்கு மட்டுமே தொடுகிறது. அந்த நூல் அகலம் கண்ணாடிபோல் வழவழப்பாக இருந்தால்தான் ஆயில் உள்ளே நிற்கும். ஷாஃப்ட் முழுச் சுற்றுச் சுற்றுவதுமில்லை. அரை வட்டத்துக்கும் குறைவாக இப்படியும் அப்படியும் திரும்புகிறது. தேய்மானம் எப்போதும் அதே இடத்தில் விழுகிறது.

தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு வாடகைக் கேரவனுக்குச் சீல் மாற்றினேன். ஒரு மாதத்தில் மறுபடி ஒழுகியது. கடையில் கொடுத்த சீல் மட்டமானது என்று முடிவு செய்து, விலை கூடிய சீல் வாங்கிப் போட்டேன். அது ஆறு வாரம் தாங்கியது. மூன்றாவது முறையும் சீலையே மாற்றினேன். அந்த வண்டி ஆழியாறு தாண்டி வால்பாறை ஏறும்போது, நாற்பது கொண்டை ஊசி வளைவுகளில் பாதியைக்கூடக் கடக்கவில்லை, டப்பா காலியாகிவிட்டது. பம்ப் முதலில் முனகியது, பிறகு அலறியது. ஸ்டீயரிங் கல்லாகிவிட்டது. ஆயில் போனாலும் சக்கரம் திரும்பத்தான் செய்யும், இணைப்பு அறுந்துவிடுவதில்லை. ஆனால் அந்த எடையை, அந்த வளைவில், ஒரு மனிதனின் கைவலு திருப்ப வேண்டும். டிரைவர் அனுபவசாலி, மலையோரமாக ஒதுக்கி நிறுத்திவிட்டார். இறக்கத்தில் நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்து நான் பல இரவுகள் தூங்கவில்லை. உலர்ந்து ஓடிய பம்பும் வீணானது. ஒரு சீலின் விலை சில நூறு ரூபாய்தான். அதற்காகப் பம்ப், மூன்று முறை கூலி, இழுவை வண்டி வாடகை என்று போன பணத்தை நான் அடைக்க ஓராண்டு ஆயிற்று.

ஷாஃப்டை எடுத்துக்கொண்டு லேத் பட்டறைக்குப் போனேன். அங்கிருந்த பெரியவர் அதை வாங்கி, சீல் உட்காரும் இடத்தில் விரல் நகத்தை மெல்ல ஓட்டினார். நகம் தட்டி நின்றது. "சீலைக் குறை சொல்லாதே தம்பி, ஷாஃப்டைத் தடவிப் பார்" என்றார். துருப்பிடித்து அம்மைத் தழும்புபோல் குழி விழுந்திருந்தது. வெளியே இருக்கும் தூசி மறைப்பு ரப்பர் கிழிந்து நெடுநாள் ஆகியிருக்கிறது. தோப்புச் சேறும், கேரவனின் குளியலறைக் குழாயிலிருந்து சொட்டிய தண்ணீரும் நேராக அங்கே இறங்கியிருக்கின்றன. வண்டி நின்ற மாதங்களில் துரு தன் வேலையைச் செய்திருக்கிறது. அந்தக் கரடின் மேல் எவ்வளவு நல்ல சீலைப் போட்டாலும் அரம் வைத்து ராவியதுபோல் உதடு தேய்ந்துவிடும்.

அதனால் சீலைக் கழற்றியதும் நகத்தை ஓட்டிப் பாருங்கள். மேலோட்டமான துரு என்றால் மெல்லிய எமரித் தாளை ஆயிலில் நனைத்து, ஷாஃப்டைச் சுற்றித் தேய்க்க வேண்டும். நீளவாக்கில் தேய்த்தால் அந்தக் கோடுகளே ஆயிலுக்கு வாய்க்காலாகிவிடும். நகம் தட்டினால் அளவான மெல்லிய உலோக உறையான ஸ்லீவ் ஏற்ற வேண்டும், அல்லது வேறு ஷாஃப்ட் போட வேண்டும். குழியை வெல்டிங்கால் நிரப்பிக் கடைந்து தருகிறேன் என்று சிலர் சொல்வார்கள். ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். மேல்தோல் கடினமாக்கப்பட்ட இரும்பு அது. வெல்டிங் சூட்டில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும். முறிந்தால் வண்டிக்குத் திசையே இல்லை.

ஆட்டத்தையும் பார்க்க வேண்டும். கழற்றுவதற்கு முன்பே, என்ஜினை நிறுத்திவிட்டு, ஷாஃப்ட் வெளியே வரும் இடத்தில் விரலை வைத்துக்கொள்ளுங்கள். மேலே ஒருவர் ஸ்டீயரிங்கைச் சிறிது இடமும் வலமும் அசைக்கட்டும். ஷாஃப்ட் திரும்புவதற்கு முன் பக்கவாட்டில் நகர்வதை விரல் உணர்ந்தால், உள்ளே புஷ்ஷோ பேரிங்கோ தேய்ந்துவிட்டது. தள்ளாடும் ஷாஃப்டைச் சீலால் பின்தொடர முடியாது. பாக்ஸ் முழுவதும் ரீகண்டிஷனுக்குப் போக வேண்டியதுதான்.

இன்னொரு காரணத்தை யாரும் பார்ப்பதே இல்லை. டப்பாவுக்குள் இருக்கும் ஃபில்டர் சகதி பிடித்து அடைத்தாலோ, ரிட்டர்ன் ஓஸ் உள்ளுக்குள் உப்பினாலோ, திரும்பும் ஆயிலுக்கு வழியில்லாமல் பாக்ஸுக்குள் அழுத்தம் ஏறும். அந்த அழுத்தம் புதுச் சீலையும் பிதுக்கி வெளியே தள்ளும்.

இப்போது சுத்தியலுக்கு வருகிறேன். டிராப் ஆர்மை அடித்துக் கழற்றினால் ஒவ்வோர் அடியும் உள்ளே இருக்கும் பேரிங்கில் போய் விழுகிறது. ஒழுகாத பாக்ஸும் அதற்குப் பிறகு ஒழுகும். இழுத்துக் கழற்றும் கருவியான புல்லர் வாங்கி மாட்டுங்கள். கழற்றும் முன் ஷாஃப்டிலும் ஆர்மிலும் நேருக்கு நேர் பஞ்ச் (புள்ளி குத்தும் உளி) வைத்து அடையாளம் இடுங்கள். ஒரு பல் தள்ளி ஏறினால் வண்டி ஒரு பக்கம் கூடுதலாகவும் மறுபக்கம் குறைவாகவும் திரும்பும். புதுச் சீலை ஏற்றும்போது பற்களின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் டேப்பைச் சுற்றி ஆயில் தடவுங்கள். இல்லாவிட்டால் அந்தப் பற்களே உதட்டைக் கிழித்துவிடும்; நீங்கள் கிழிந்த சீலைத்தான் உள்ளே உட்கார வைத்திருப்பீர்கள். மாட்டிய பிறகு நட்டை வண்டிக்குச் சொல்லப்பட்ட முறுக்கத்துக்கு இறுக்கிப் பூட்டுங்கள்.

அந்தத் தம்பிகளின் வண்டியில் ஷாஃப்டில் நகம் தட்டவில்லை. தூசி ரப்பர் மட்டும் கிழிந்திருந்தது. கழுவிப் பார்த்ததில் ஒழுகியது, பம்பிலிருந்து பாக்ஸுக்கு அழுத்தத்தோடு ஆயில் கொண்டுவரும் பிரஷர் ஓஸின் மேல் மூட்டு. சுத்தியல் விழுந்திருந்தால் நல்ல பாக்ஸ் ஒன்று கெட்டிருக்கும்.

பிரஷர் ஓஸை வெட்டிக் கிளிப் போடுவது

லாரி டயரில் இருக்கும் காற்றின் அழுத்தம் 8 பார் அளவு. கனரக வண்டியின் ஸ்டீயரிங் பம்ப் 100 பாருக்கு மேல் தரும். இதைத் திருகு கிளிப்பா தாங்கும்? ரிட்டர்ன் ஓஸுக்குக் கிளிப் போதும். பிரஷர் ஓஸுக்கு முனையில் மெஷினில் அழுத்திய மூட்டுத்தான் வேண்டும். போர்வெல் வண்டிகள் நிறைந்த திருச்செங்கோட்டில் ஹைட்ராலிக் ஓஸ் அடித்துத் தருபவர்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. பழைய ஓஸையே மாதிரிக்குக் கொண்டுபோய், அழுத்தமும் சூடும் தாங்கும் ரகத்தைக் கேட்டு வாங்குங்கள். கொதிக்கும் சைலன்சர் குழாயை ஒட்டி ஓஸைக் கட்டாதீர்கள். வெடித்த ஓஸிலிருந்து புகைபோல் சீறும் ஆயில் அந்தக் குழாயில் பட்டால் தீப்பிடிக்கும். கேரவனுக்குள் மெத்தையும் மரப்பலகையும் இருக்கின்றன, ஆட்கள் தூங்குகிறார்கள்.

கையால் தடவிக் கசிவைத் தேடுவது

என்ஜின் ஓடும்போது பிரஷர் ஓஸ் பக்கம் கை போகவே கூடாது. ஊசித் துளையில் சீறும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போகும். அட்டையைக் காட்டிப் பாருங்கள்.

டெஃப்லான் டேப்

குழாய் வேலைக்கு உரியது. ஸ்டீயரிங் மூட்டில் சுற்றினால் அதன் பிசிர் வால்வுக்குள் போய் அடைக்கும்.

செப்பு வாஷரை அப்படியே திரும்பப் போடுவது

ஒருமுறை நசுங்கிய செப்பு இறுகிப்போகும். புதிது போடுங்கள்.

பிரேக் ஆயில் ஊற்றுவது

எந்த அவசரத்திலும் கூடாது. ரப்பர் அத்தனையும் உப்பிக் கெடும்.

ஸ்டீயரிங்கைக் கடைசிவரை திருப்பிப் பிடித்துக்கொண்டிருப்பது

கசிவு தெரியட்டும் என்று முழுக்கத் திருப்பி நிமிடக்கணக்கில் பிடிப்பார்கள். அந்த நிலையில் பம்ப் தன் முழு அழுத்தத்தில் நிற்கிறது. ஆயில் வேகமாகக் கொதிப்பேறும். ஐந்து நொடி போதும், விட்டுவிடுங்கள். தோப்பில் வண்டி திருப்பும் டிரைவர்களுக்கும் இதைச் சொல்லுங்கள்: சக்கரம் சிறிதாவது உருளும்போது திருப்பினால் பாக்ஸுக்குப் பாதிச் சிரமம் குறையும்.

காற்றை வெளியேற்றாமல் வண்டியை எடுப்பது

முன்சக்கரங்களைத் தூக்கி நிறுத்தி, என்ஜினை இயக்காமலே ஸ்டீயரிங்கை இரு முனைகளுக்கும் இருபது முறையாவது மெதுவாகத் திருப்புங்கள். ஆயில் இறங்க இறங்க ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். குமிழி நின்ற பிறகுதான் சாவியைத் தொட வேண்டும். என்ஜின் ஓடும்போது ஆயில் பால்போல் நுரைத்து, பம்ப் முனகினால், டப்பாவிலிருந்து பம்புக்குப் போகும் ஓஸைப் பாருங்கள். அங்கே ஆயில் வெளியே வராது, காற்றுத்தான் உள்ளே போகும். சொட்டு விழாததால் பலர் அதைக் கடைசியில்தான் சந்தேகிக்கிறார்கள். வேலை முடிந்ததும் ஆழியாறு வரை ஒருமுறை ஓட்டிப் போய்த் திரும்பி, அடியில் ஒரு வெள்ளை அட்டையை விரித்து இரவு முழுவதும் நிறுத்திவையுங்கள். காலையில் அட்டை காய்ந்திருந்தால் வண்டியைக் கொடுங்கள்.