மாத்திரைக்குப் பிறகு வந்த ரத்தம் பீரியட்ஸ் இல்லை

போன வாரம் எங்கள் ஆஸ்பத்திரியில் புதிதாகச் சேர்ந்த சிஸ்டர் ஒருத்தி, உறவுக்குப் பிறகு கரு தங்காமலிருக்கப் போடும் அவசர கருத்தடை மாத்திரை போட்ட யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தாள். "ரத்தம் வந்துருச்சுல்ல, அப்புறம் என்ன பயம்? நிம்மதியா தூங்கு." ஊசியில் மருந்து ஏற்றிக்கொண்டிருந்த நான் அப்படியே நின்றுவிட்டேன். பதினோரு வருஷத்துக்கு முன்னால் இதே வார்த்தையை நானும் ஒரு பெண்ணிடம் சொன்னேன். இன்னும் அது மனசைவிட்டுப் போகவில்லை.

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வேலை பார்க்கிறேன். பாலக்காடு மாவட்டம், ஆனால் வருகிறவர்களில் பாதிப்பேர் தமிழ்தான் பேசுவார்கள். எல்லைக்கு அந்தப்பக்கம் பொள்ளாச்சி, கிணத்துக்கடவிலிருந்தும் வருவார்கள், இந்த மாத்திரைக்காகவே வருகிறவர்களும் உண்டு. சீக்கிரம் போடணும், அடிக்கடி போடக்கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன். நான் பார்த்த தவறுகளை மட்டும் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

வந்த ரத்தத்தைப் பார்த்து நிம்மதியாகிவிடுவது

அந்தப் பெண்ணுக்கு இருபத்திமூன்று வயது, தையல் கடையில் வேலை. ஜூன் 3ம் தேதி பீரியட்ஸ் வந்திருக்கிறது. 16ம் தேதி உறவு, மறுநாள் மாத்திரை. 22ம் தேதி கறை பட்டு மூன்று நாள் இருந்து நின்றுவிட்டது. என்னிடம் வந்து, "அஞ்சாம் நாளே வந்துருச்சுங்க சிஸ்டர், இது அதுதானுங்களே?" என்று கேட்டாள். "அதேதான், பயப்படாதே" என்றேன். எவ்வளவு வந்தது, என்ன நிறம், வழக்கமாக எத்தனை நாள் இருக்கும், ஒன்றையும் கேட்கவில்லை. அவள் முகம் தெளிந்ததைப் பார்த்து எனக்கும் சந்தோஷம்.

நடந்தது என்னவென்றால், அந்த மாத்திரையில் இருப்பது லெவோநார்ஜெஸ்ட்ரெல் என்ற ஹார்மோன், 1.5 மில்லிகிராம். கருமுட்டை வெளியே வருவதைத் தள்ளிப்போடுவதுதான் அதன் வேலை. ஒரே நேரத்தில் இவ்வளவு ஹார்மோன் உள்ளே போய், சில நாளில் அது குறையும்போது கர்ப்பப்பையின் உள்சவ்வு கொஞ்சம் உதிரும், அதனால் சிலருக்குக் கறை படும். மாத்திரை உடம்புக்குள் போனதற்கு அது அடையாளம், அவ்வளவுதான். கரு தங்கியதா இல்லையா என்று அந்த ரத்தத்தால் சொல்லவே முடியாது. மாத்திரை போடுவதற்கு முன்பே முட்டை வெளியே வந்திருந்தால் மாத்திரையால் ஒன்றும் செய்ய முடியாது, ஆனால் கறை அப்போதும் வரலாம்.

அவளுக்கு எப்போதுமே பீரியட்ஸ் ஒழுங்காக வராது, இரண்டு மூன்று மாதம் தள்ளிப்போவது பழக்கம். அதனால் ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் வராதபோதும் அவள் சந்தேகப்படவில்லை, ஒரு சிஸ்டரே சொல்லியாச்சே! அக்டோபர் 17ம் தேதி வயிறு கனமாக இருக்கிறது என்று வந்தாள். டாக்டர் மலையாளத்தில் "லாஸ்ட் மென்ஸஸ் எந்நா?" (கடைசி பீரியட்ஸ் எப்போது?) என்று கேட்க, இவள் ஜூன் 22 என்றாள். சீட்டில் அதுவே ஏறியது. கர்ப்பத்தின் வாரத்தைக் கடைசி பீரியட்ஸின் முதல் நாளிலிருந்துதான் எண்ணுவார்கள், அந்தக் கணக்குக்குப் பதினாறு வாரம் சொச்சம். ஸ்கேனில் பத்தொன்பது வாரம் மூன்று நாள், அதாவது ஜூன் 3லிருந்து.

கணக்கில் விட்டுப்போன பத்தொன்பது நாளுக்கு நான்தான் காரணம். அப்போது கருக்கலைப்புச் சட்டம் பொதுவாக 20 வாரத்தோடு நின்றது, அவ்வளவு வாரமானால் இரண்டு டாக்டர் கையெழுத்தும் வேண்டும். 2021 திருத்தத்தில்தான் சில நிலைகளில் 24 வாரம் வரை வந்தது, 2022ல் கல்யாணமாகாதவர்களுக்கும் அது உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அன்றைக்கு அவள் கையில் இருந்தது நான்கு நாள். யோசிக்க, வீட்டில் சொல்ல, பணம் புரட்ட, எல்லாவற்றுக்கும் சேர்த்து நான்கே நாள். அவள் என்ன முடிவு எடுத்தாள் என்பது அவளுடைய விஷயம், அதை எழுத மாட்டேன். ஜூலையிலேயே தெரிந்திருந்தால் நிதானமாக முடிவு எடுத்திருப்பாள்.

ஆகவே தயவுசெய்து இரண்டு தேதியை எழுதிவையுங்கள், போனிலோ காலண்டரிலோ. மாத்திரைக்கு முன்னால் வந்த பீரியட்ஸின் முதல் நாள் ஒன்று, உறவு நடந்த நாள் இன்னொன்று. இரண்டாவது தேதியிலிருந்து 21 நாள் எண்ணி சிறுநீர் டெஸ்ட் செய்யுங்கள். நடுவில் ரத்தம் வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி, செய்யுங்கள். அவளுக்கு அந்த நாள் ஜூலை 7. ஐம்பது அறுபது ரூபாய்க்கு மெடிக்கல் ஷாப்பில் கார்டு கிடைக்கும், குடும்பாரோக்கிய கேந்திரத்திலோ (அரசு சுகாதார நிலையம்) ஊர் சுகாதாரப் பணியாளரான ஆஷா சேச்சியிடமோ கேட்டுப் பாருங்கள், 'நிஷ்சய்' என்ற கர்ப்ப டெஸ்ட் கிட் இலவசம்தான். டாக்டர் கடைசி பீரியட்ஸ் தேதி கேட்டால் முதல் தேதியைச் சொல்லி, "இடையில் மாத்திரை போட்டேன், இந்த நாளில் கறை பட்டது" என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கூச்சம் வேண்டாம், அந்த ஒரு வரி இல்லாமல் கணக்கு தப்பிவிடும்.

கறை பட்டாலே ஆபத்து என்று பயமுறுத்தவும் நான் வரவில்லை. பலருக்கு அடுத்த பீரியட்ஸ் சில நாள் முன்னே பின்னே வரும், அது சகஜம். கறையை நிறுத்த மருந்து தேவையில்லை, தானே நிற்கும். எதிர்பார்த்த நாளைத் தாண்டி ஒரு வாரம் ஆகியும் வரவில்லை, அல்லது வந்தது வழக்கத்தைவிட ரொம்பக் குறைவு என்றால் டெஸ்ட்டைத் தள்ளிப்போடவே கூடாது.

மூன்றாம் நாளே டெஸ்ட்

கர்ப்பம் இல்லை என்பதுபோல் கோடு ஒன்றுதான் வரும். அவ்வளவு சீக்கிரத்தில் அதற்கு அர்த்தமே இல்லை.

"மாத்திரை போட 72 மணி நேரம் இருக்கே, ஞாயித்துக்கிழமை போய்க்கலாம்"

இது எல்லைக்காரர்களின் தவறு. 2005லேயே டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கலாம் என்று அனுமதி வந்த மருந்து, ஆனாலும் தமிழ்நாட்டில் பல கடைகளில் வைப்பதில்லை. "இல்லைங்க" என்ற பதிலைக் கேட்டு இரண்டு கடை ஏறி இறங்கிவிட்டு, லீவு நாளில் கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டி வரலாம் என்று விடுகிறார்கள். ஒவ்வொரு மணி நேரம் போகப்போக மாத்திரையின் பலன் குறையும். அன்றைக்கே பஸ் ஏறுங்கள். நாள் தள்ளிவிட்டது என்றால் உறவு நடந்து ஐந்து நாளுக்குள் காப்பர்-டி போடலாம், மாத்திரையைவிட அதுதான் பலமான வழி.

ஒரு மாத்திரை, ஒரு மாசம் காவல் என்று நினைப்பது

நேர்மாறு. முட்டை வருவது தள்ளித்தான் போயிருக்கிறது, அடுத்த வாரம் வரலாம். அடுத்த பீரியட்ஸ் வரை ஆணுறை கட்டாயம்.

வாந்தி

மாத்திரை போட்டு இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் வாந்தி வந்தால் இன்னொரு மாத்திரை.

மற்ற மருந்துகளை மறைப்பது

டிபிக்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான ஃபெனிடாயின், கார்பமாசெபைன் எடுப்பவர்களுக்கு இந்த மாத்திரையின் பலன் குறையும். உடல் எடை அதிகமானவர்களுக்கும் குறையலாம். டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், காப்பர்-டி பற்றிக் கேளுங்கள்.

பப்பாளி, எள்ளு, கருஞ்சீரகக் கஷாயம்

நாள்தான் வீணாகும்.

கலைக்கிற மாத்திரையைக் கடையில் வாங்கிப் போடுவது

அது வேறு மாத்திரை, இது வேறு மாத்திரை. இது கருவைக் கலைக்காது, கரு தங்கியிருந்தாலும் அதற்குக் கெடுதல் செய்யாது. அதுவோ டாக்டர் பார்த்து, எத்தனை வாரம் என்று உறுதி செய்து, ஒன்பது வாரத்துக்குள் தரவேண்டியது. தேதியே தப்பாக இருக்கும்போது தானாகப் போட்டுக்கொண்டு, பாதி கலைந்து பாதி தங்கி, நாப்கின் மேல் நாப்கின் நனைந்து வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வலியோடு வரும் ரத்தத்தையும் "மாத்திரை சூடு" என்பது

அடிவயிற்றில் ஒரு பக்கமாக வலி, விட்டுவிட்டுக் கறை, தலைசுற்றல், சிலருக்குத் தோள்பட்டை நுனியில் வலி. கரு கர்ப்பப்பைக்குள் இல்லாமல் கருக்குழாயில் தங்கியிருந்தால் இப்படி வரும், குழாய் வெடித்தால் உள்ளுக்குள் ரத்தம் கொட்டும், வெளியே கொஞ்சம்தான் தெரியும். மோர் குடித்துப் படுக்காதீர்கள், விடியட்டும் என்று இருக்காதீர்கள். ராத்திரி ஒரு மணியானாலும் ஆட்டோவோ ஆம்புலன்ஸோ பிடித்து ஸ்கேன் வசதியுள்ள ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மாத்திரை போட்ட தேதியை வாசலிலேயே சொல்லுங்கள்.