நடை மட்டும் போதாது, தொடைக்குப் பாரம் கொடுங்கள்

மண்டபம், பாம்பன் பக்கம் கடற்கரையில் காலையில் நடக்கும் அக்காமார் பலர், "தினமும் நடக்கிறேன், ஆனாலும் தரையிலிருந்து எழும்பக் கையை ஊன்ற வேண்டியிருக்கு" என்பார்கள். நடை இதயத்துக்கு நல்லது. ஆனால் தொடைச் சதை வளர அதற்குப் பாரம் வேண்டும். மாதவிடாய் நிற்கும் வயதில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைவதால் சதை இன்னும் எளிதாகக் கரையும்.

ஒரு நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். அதற்கு முதுகைக் காட்டி நின்று, கைகளை முன்னே நீட்டி, உட்காரப் போவதுபோல் மூன்று எண்ணும் வரை மெதுவாக இறங்குங்கள். இருக்கையைத் தொட்டதும் எழும்புங்கள். குதிகால் தரையை விட்டு எழக் கூடாது. 10 முறை, கொஞ்சம் ஓய்வு, இப்படி 3 சுற்று. ஒருநாள் விட்டு ஒருநாள், வாரத்தில் 2 அல்லது 3 நாள் போதும்.

12 முறை சுலபமாக வந்துவிட்டதா? சரி, இனி எடையைக் கூட்டுங்கள். இரண்டு கையிலும் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில், அப்புறம் நெஞ்சோடு அணைத்த 5 கிலோ அரிசிப் பை. பலரும் எடை கூட்டாமல் இங்கேதான் நின்றுவிடுகிறார்கள், அதுதான் எனக்கு வருத்தம்.

சாப்பாட்டில் புரதம் முக்கியம். 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளுக்கு 60 முதல் 70 கிராம் வரை வேண்டும். 100 கிராம் சாளை மீனில் சுமார் 20 கிராம் இருக்கிறது. மீன் சாப்பிடாதவர்கள் பயறு, தயிர், சுண்டல் சேர்க்கலாம். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மருத்துவரைக் கேட்டுவிட்டுப் புரதத்தைக் கூட்டுங்கள்.

முழங்காலில் குத்து வலி வந்தால் நாற்காலி மேல் ஒரு தலையணை வைத்து, இறங்கும் உயரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.