கணவாய்க் காற்றைப் பலூன் விட்டு அளப்பது எப்படி

1804-இல் பிரெஞ்சு விஞ்ஞானி கே-லுசாக் பாரிசிலிருந்து தனியாளாகப் பலூனில் 7,016 மீட்டர் ஏறினார். 1862-இல் இங்கிலாந்தில் வானிலை ஆய்வாளர் கிளேஷர் உயரத்தில் மயங்கிவிட, கை மரத்துப்போன பலூன் ஓட்டி காக்ஸ்வெல் வால்வுக் கயிற்றைப் பல்லால் இழுத்ததால் இருவரும் பிழைத்தார்கள். கீழே நின்றபடியே மேல்காற்றை அளக்கும் பைலட் பலூன் பிறகு வந்தது. பாலக்காட்டுக் கணவாய் வழியே பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் பாயும் ஆடிக்காற்றை அளக்க அது போதும்.

30 கிராம் ரப்பர் பலூன், ஹீலியம் சிலிண்டர், தியோடலைட் (கோணம் அளக்கும் தொலைநோக்கி), ஸ்டாப்வாட்ச் தேவை. ஹைட்ரஜன் வேண்டாம், ஒரு பொறி போதும். மேகமூட்டத்துக்குச் சிவப்புப் பலூன், தெளிந்த வானத்துக்கு வெள்ளை. கோவை விமான நிலையம், சூலூர் விமானப்படைத் தளம் இரண்டும் இந்த வட்டாரத்தில்தான் உள்ளன. அனுமதி வாங்காமல் விடாதீர்கள்.

வாயு அடைப்பதில்தான் முழுக் கணக்கும் நிற்கிறது. மின்விசிறியை நிறுத்தி, கதவைச் சாத்திய அறையில் அடையுங்கள். பலூன் கழுத்தில் 140 கிராம் மணல் பையைக் கட்டுங்கள். மேலேயும் போகாமல் கீழேயும் இறங்காமல் நின்றால் அளவு சரி. விட்டம் ஏறக்குறைய இரண்டேகால் அடி இருக்கும். பையை அவிழ்த்து விட்டால் நிமிடத்துக்குச் சுமார் 180 மீட்டர் ஏறும். வாயு குறைந்தால் ஏற்றம் மந்தமாகும். அது தெரியாமல் 180 என்றே போட்டால், வராத காற்று தாளில் வந்துவிடும்.

பலூன் கிழக்கே போகும் என்பதால் அந்தப் பக்கம் தென்னந்தோப்பு மறைக்காத இடமாகப் பாருங்கள். வடக்கைக் குறிக்கும்போது காம்பஸ் அருகே வண்டி நிற்கக் கூடாது. ஆடியில் அம்மி பறக்கிறதோ இல்லையோ, தரைக்காற்று பலூனை வேலியில் அடித்துக் கிழிக்கும். கட்டட மறைவிலேயே வைத்திருந்து, விடும்போது மட்டும் வெளியே கொண்டு வாருங்கள்.

பலூனைத் தியோடலைட்டில் தொடர்ந்து பார்த்து, நிமிடத்துக்கொரு முறை ஏற்றக்கோணமும் (கிடைமட்டத்திலிருந்து மேலே) திசைக்கோணமும் (வடக்கிலிருந்து) குறியுங்கள். உயரத்தை ஏற்றக்கோணத்தின் டேன்ஜென்ட்டால் வகுத்தால் கிடைத்தூரம். முதல் நிமிடம் 180 மீட்டர், 20 பாகை: 495 மீட்டர். இரண்டாம் நிமிடம் 360 மீட்டர், 18 பாகை: 1,108 மீட்டர். திசை மாறாதிருந்தால் இடைப்பட்ட 613 மீட்டரை 60 நொடியால் வகுக்க, நொடிக்குச் சுமார் 10 மீட்டர் காற்று.

கோணம் தாழத் தாழப் பிழை பெருகும். 360 மீட்டர் உயரத்தில் 10 பாகையை 9.5 என்று படித்தால் தூரம் 110 மீட்டர் கூடிவிடும். ஆனைமலை அடிவாரத்தில் இன்னொரு தொல்லை: மலையில் மோதும் காற்று பலூனைத் தூக்கும், அமுக்கும், அங்கே 180 என்ற கணக்கு செல்லாது. ஒன்றிரண்டு கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு தியோடலைட் வைத்து ஒரே நொடியில் படித்தால், ஏற்ற வேகத்தை நம்பாமலே உயரம் கிடைக்கும்.