கள்ளியா, கிழங்குச் செடியா? குமரி மாவட்ட வீடுகளுக்கு அபூர்வச் செடி தேர்வு செய்யும் முறை

மூன்று வருடத்துக்கு முன்பு ஒரு மாசி மாதம், ஒரே நர்சரியில் ஒரே வரிசையிலிருந்து இரண்டு அடீனியம் (பாலைவன ரோஜா) வாங்கினோம். ஒன்று தக்கலையில் எங்கள் வீட்டு முற்றத்துக்கு. இன்னொன்று ஆரல்வாய்மொழியில் அக்கா வீட்டு மொட்டை மாடிக்கு. இரண்டும் ஒரே உயரம், ஒரே சிவப்பு. ஆனி மாதச் சாரல் பிடித்துப் பத்து நாள் ஆகியிருக்கும், என் செடியின் இலைகள் மஞ்சளாகி உதிர ஆரம்பித்தன. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து மழை விட்ட நேரத்தில் நான் வேறு ஊற்றினேன். பக்கத்து வீட்டுப் பாட்டி வந்து தண்டின் அடியைக் கட்டை விரலால் அமுக்கிப் பார்த்தார். "கிழங்கு அழுவிப் போச்சுல்லா மக்ளே, இதுக்கு ஏன் தண்ணி ஊத்துக?" என்றார். பிடித்து இழுத்தேன். அவிந்த சேனைக்கிழங்கு மாதிரி கையோடு வந்துவிட்டது. உள்ளே காப்பி நிறத்தில் கூழ், புளித்த வாடை.

அதே வாரம் அக்கா படம் அனுப்பினாள். அவள் செடியில் இலை தெரியாத அளவுக்குப் பூ. இரண்டு பேரும் ஒரே மண்ணைத்தான் கலந்தோம், ஒரே உரத்தைத்தான் போட்டோம். ஊர் மட்டும் வேறு.

புதிதாகச் செடி வளர்க்க வருகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். இணையத்தில் கிடைக்கும் சதைப்பற்றுச் செடிக் (தண்டிலோ இலையிலோ தண்ணீரைச் சேர்த்து வைக்கும் செடி) குறிப்புகள் பெரும்பாலும் வறண்ட ஊர்களையோ குளிர் ஊர்களையோ மனதில் வைத்து எழுதியவை. நம் மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. இங்கே செடி காய்ந்து சாவது குறைவு, அழுகிச் சாவதே அதிகம். அதனால் செடியைப் பார்ப்பதற்கு முன்னால் உங்கள் வீட்டு மழையைப் பாருங்கள்.

முதல் படி: உங்கள் ஊர் எந்தப் பக்கம்?

குமரி சின்ன மாவட்டம்தான், ஆனால் மழை எல்லா இடத்திலும் ஒன்று போல விழுவதில்லை. செடி வளர்ப்பவர்களுக்கு வசதியாக நான் மூன்றாகப் பிரித்துக்கொள்வேன்.

குலசேகரம், திருவட்டார், மார்த்தாண்டம் என்று மேற்கேயும் மலையடிவாரத்திலும் மழை அதிகம், காற்றில் ஈரமும் அதிகம். ரப்பர், தென்னை, பலா என்று புரையிடம் முழுக்க நிழல் விழும். தோவாளை, ஆரல்வாய்மொழி பக்கம் அதற்கு நேரெதிர். மழை குறைவு, கணவாய் வழியாக வரும் காற்று பலமாக வீசும். முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்பதே அதனால்தான். மூன்றாவது, குளச்சல், மணவாளக்குறிச்சி, கன்னியாகுமரி மாதிரியான கடற்கரை ஊர்கள். அங்கே காற்றோடு உப்பும் வரும். தக்கலை, நாகர்கோவில் போன்ற இடங்கள் நடுவில் இருக்கின்றன. எங்களைப் போன்றவர்கள் மழைக்காலத்தில் மேற்குக்காரர்களாகவும் மாசி பங்குனியில் கிழக்குக்காரர்களாகவும் நடந்துகொள்ள வேண்டும்.

இரண்டாம் படி: ஒரு நாள் வெயிலைக் கணக்கெடுங்கள்

விடுமுறை நாள் ஒன்றில் செடி வைக்கப் போகும் இடத்தைக் காலை எட்டு மணி, பகல் பன்னிரண்டு, மாலை நான்கு என்று மூன்று முறை போய்ப் பாருங்கள். நேர் வெயில் எத்தனை மணி நேரம் விழுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஆறு மணி நேரம் விழுந்தால் அடீனியத்துக்குப் போதும். காலை வெயில் மட்டும் இரண்டு மூன்று மணி நேரம் என்றால் ஹாவொர்தியா, கேஸ்டீரியா மாதிரியான சின்னச் சதைப்பற்றுச் செடிகள். நேர் வெயிலே இல்லாத திண்ணை என்றால் ஸீஸீ செடி, மருள் வகைகள். அப்படியே ஓட்டிலிருந்து மழைத் தண்ணீர் எங்கே கொட்டுகிறது என்றும் பார்த்து வையுங்கள். அந்தக் கோட்டுக்கு நேர் கீழே தொட்டி வைக்கவே கூடாது.

மூன்றாம் படி: இடத்துக்கு ஏற்ற செடி

மேற்கு ஊர்க்காரர்களுக்குக் கள்ளியே கிடையாது என்று நினைக்க வேண்டாம். மழையை விரும்பும் கள்ளியும் இருக்கிறது. நிஷாகந்தி அப்படி ஒன்று. பலரும் பிரம்மகமலம் என்று சொல்லும் அதே செடிதான். தெற்கு மெக்சிகோ, மத்திய அமெரிக்க மழைக்காடுகளில் மரத்தின் மேல் தொற்றி வளர்வது, ஆனால் கள்ளிக் குடும்பத்தைச் சேர்ந்தது. நாம் இலை என்று நினைப்பது உண்மையில் அதன் தட்டையான தண்டு. அதில் ஒரு சாண் துண்டை வெட்டி, நிழலில் நான்கைந்து நாள் காயவைத்து நட்டால் பிடித்துக்கொள்ளும். பூக்க இரண்டு மூன்று வருடம் ஆகலாம். மொட்டு தொங்கிக்கொண்டே இருக்கும், விரியப் போகும் நேரம் நெருங்கும்போது அதன் காம்பு அன்னத்தின் கழுத்து மாதிரி மேலே வளையும். அதைக் கண்டால் அன்று இரவு தூங்கிவிடாதீர்கள். எட்டு ஒன்பது மணிக்கு மேல் மெதுவாக விரிந்து, முற்றம் முழுக்க மணந்து, விடிவதற்குள் துவண்டுவிடும். எங்கள் தெருவில் நிஷாகந்தி விரிந்தால் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் எல்லாம் டார்ச்சோடு வந்து நிற்பார்கள்.

அதே குடும்பத்தில் ரிப்சாலிஸ் என்று பச்சை நூல் மாதிரி தொங்கும் கள்ளி ஒன்று உண்டு. கள்ளிக் குடும்பம் அமெரிக்கக் கண்டத்துக்கே உரியது. அதில் இந்த ஒரு வகை மட்டும் ஆப்பிரிக்காவிலும் இலங்கையிலும்கூட இயற்கையாக வளர்கிறது. இலங்கைக் காலநிலைக்கு ஒத்துப்போகும் செடி குலசேகரத்தில் நன்றாகவே வளரும். தொங்கும் தொட்டியில் விட்டு, நிழலில் மாட்டிவிடுங்கள்.

மேற்கில் உங்களுக்கு உண்மையான செல்வம் கிழங்குச் செடிகள். ஹெலிகோனியா, டார்ச் ஜிஞ்சர், காஸ்டஸ். ஹெலிகோனியாவில் சிவப்பும் மஞ்சளுமாகத் தொங்குவது பூ இல்லை, பூவை மூடியிருக்கும் மடல். அதனால்தான் வாரக்கணக்கில் வாடாமல் இருக்கிறது. டார்ச் ஜிஞ்சர் ஆள் உயரத்தையும் தாண்டி வளரும், ஆனால் பூ இலைக்கொத்தில் வராது, தனிக் காம்பாகத் தரையிலிருந்து எழும்பும். சின்ன முற்றத்துக்கு அது சரிப்படாது, விளையின் ஓரத்தில் வையுங்கள். இடம் குறைவு என்றால் காஸ்டஸ். அதன் இலைகள் தண்டைச் சுற்றிச் சுழல்படி மாதிரி ஏறும், சிவந்த கூம்பிலிருந்து கசங்கிய காகிதம் மாதிரி வெள்ளைப் பூ வரும். இவற்றை வைகாசிக் கடைசியில், மழை தொடங்கும் சமயம் நட்டால் தண்ணீர் ஊற்றும் வேலையே இல்லை.

கிழக்கு ஊர்க்காரர்கள் அடீனியத்தையும், ஒடித்தால் பால் வடியும் யூபோர்பியாவையும் தைரியமாக வாங்கலாம். மடகாஸ்கரிலிருந்து வந்த முள் யூபோர்பியா வருடம் முழுக்கப் பூக்கும், புதியவர் கையில் எளிதில் சாகாது. ஆனால் என் மனதுக்குப் பிடித்தது நம் மண்ணின் கள்ளிமுளையான். துவையல் அரைத்துத் தின்னும் அதே செடிதான். இதை அலங்காரச் செடியாக யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. நான்கு பட்டையாக நிற்கும் தண்டும், கரும்பழுப்புச் சின்னப் பூக்களும் ஒரு அகன்ற மண் சட்டியில் வைத்தால் அவ்வளவு அழகு. இதன் உறவுக்காரச் செடியான ஸ்டபேலியாவை வெளிநாட்டிலிருந்து வந்தது என்று விலை கொடுத்து வாங்குகிறோம். உறவு என்பதற்கு அடையாளம், இரண்டின் பூவையும் தேடி வருவது ஈக்கள்தான். ஸ்டபேலியாவின் பூ அழுகிய இறைச்சி மாதிரி நாறும், அதனால் ஜன்னலுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம். கள்ளிமுளையானைக் காட்டிலிருந்து வேரோடு பிடுங்காதீர்கள். வளர்ப்பவர்களிடம் ஒரு துண்டு கேட்டு வாங்குங்கள், போதும்.

ஆரல்வாய்மொழிக் காற்றுக்கு உயரமான பிளாஸ்டிக் தொட்டி நிற்காது. அடி அகன்ற, உயரம் குறைந்த மண் தொட்டிதான் சரி. அக்கா இதைக் கற்றுக்கொள்வதற்குள் நான்கு தொட்டி உருண்டது.

கடற்கரை வீடுகளுக்கு விஷமூங்கில். பேரில் மூங்கில் இருந்தாலும் இது பூண்டு மாதிரி அடிக்கிழங்கு உள்ள செடி. உப்புக் காற்றை நன்றாகத் தாங்கும், வெள்ளைப் பூ இரவில் மணக்கும். பேரே சொல்லிவிடுகிறது, கிழங்கு விஷம். கற்றாழை, யானைக்கற்றாழை, உருளை மருள் ஆகியவையும் தாங்கும். காற்றுக் காலத்தில் வாரம் ஒரு முறை நல்ல தண்ணீரால் இலைகளைக் கழுவிவிடுங்கள், படிந்த உப்புப் போய்விடும்.

மாவட்டம் முழுவதற்கும் பொதுவாக ஒரு செடி சொல்லச் சொன்னால் செங்காந்தள் என்பேன். தமிழ்நாட்டின் மாநில மலர். இலை நுனியே சுருண்டு கம்பைப் பிடித்து ஏறும் விதத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். கிழங்கு பெரும்பாலும் கவை மாதிரி இரண்டு கிளையாக இருக்கும், முளை கிளையின் நுனியில் இருக்கும். அந்த நுனி ஒடிந்தால் அந்தக் கிளை முளைக்காது, அதனால் வாங்கும்போதே நுனியைப் பாருங்கள். இரண்டு அங்குல ஆழத்தில் படுக்கை வாக்கில் நடுங்கள். பூத்து முடிந்ததும் கொடி காய்ந்துபோகும். செத்துவிட்டது என்று தோண்டிப் போடாதீர்கள், அது உறங்குகிறது. அடுத்த மழைக்கு எழும். கிழங்கில் கொடிய விஷம் உண்டு, சின்னப் பிள்ளைகள் தோண்டி விளையாடும் இடத்தில் வேண்டவே வேண்டாம்.

நான்காம் படி: நர்சரியில் நின்று பார்ப்பது

தை, மாசியில் போங்கள். வடகிழக்கு மழை முடிந்திருக்கும், அதைத் தாண்டி நிற்கும் செடி வேர் பிடித்த செடி. புதுச் செடி காலூன்ற நான்கைந்து மாதமும் கிடைக்கும்.

அடீனியம் என்றால் அடித்தண்டைப் பாட்டி பார்த்த மாதிரி கட்டை விரலால் அமுக்குங்கள். பச்சை மாங்காய் மாதிரி கெட்டியாக இருக்க வேண்டும். எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி லேசாக அமுங்கினால் தாகம், தண்ணீர் கொடுத்தால் சரியாகிவிடும். ஒரு பக்கம் மட்டும் பழுத்த மாதிரி அமுங்கினால் அழுகல், கீழே வைத்துவிடுங்கள். அடி பருத்து அழகாக வர வேண்டும் என்றால் விதையில் வளர்ந்த செடியா என்று கேளுங்கள். கம்பு நட்டு வளர்த்ததில் அந்தப் பருமன் எளிதில் வராது. அடுக்குப் பூ வேண்டும் என்றால் ஒட்டுச் செடி, ஒட்டின இடம் நன்றாக மூடியிருக்கிறதா என்று பாருங்கள்.

அப்புறம், இலைக் கக்கத்தைப் பாருங்கள். பஞ்சு ஒட்டின மாதிரி வெள்ளையாக இருந்தால் மாவுப்பூச்சி. தொட்டியின் துளை வழியே எட்டிப் பார்க்கும் வேர் வெள்ளையாக இருந்தால் நல்லது, கறுத்துக் கொழகொழவென்று இருந்தால் வேண்டாம்.

மூன்று விஷயங்களைத் தொடக்கத்தில் தவிர்த்துவிடுங்கள். சிவப்பு, மஞ்சள் உருண்டை ஒட்டின கள்ளி: அந்த உருண்டையில் பச்சையம் இல்லை, கீழே இருக்கும் பச்சைக் கள்ளி ஊட்டும் வரைதான் அதற்கு உயிர். முள்ளின் மேல் காய்ந்த பூவைப் பசை வைத்து ஒட்டி விற்கும் கள்ளி. மூன்றாவது, ஊட்டியில் பார்த்து ஆசைப்பட்டு வாங்கி வரும் ரோஜா வடிவ எச்சவேரியா. அது மலைநாட்டுச் செடி, இரவு குளிர வேண்டும். நம் புழுக்கத்தில் தண்டு நீண்டு, நிறம் போய், முதல் மழையில் அழுகும். அதே வடிவம் வேண்டுமென்றால் ஹாவொர்தியா வாங்குங்கள்.

ஐந்தாம் படி: மண்

நர்சரி மண்ணை உதறிவிட்டு மாற்றுவது நல்லது. கடைகளில் விற்கும் தென்னைநார்க் கழிவுக் கலவை தண்ணீரைப் பிடித்து வைக்கும், நம் ஊர் ஆடி மாதத்தில் அது சதைப்பற்றுச் செடிக்கு எமன். சிரட்டையால் அளந்துகொள்ளுங்கள்: பட்டாணி அளவுக்கு உடைத்த செங்கல் அல்லது ஓட்டுத் துண்டு இரண்டு சிரட்டை, பருமணல் ஒன்று, தோட்டத்துச் சரல் மண் ஒன்று, நன்றாக மட்கிய சாணம் அரை, வேப்பம் பிண்ணாக்கு ஒரு கரண்டி. மேற்குப் பக்கம் என்றால் செங்கல் மூன்று சிரட்டை. எம்சாண்ட் போடுவதானால் சலித்து, மேலே நிற்கும் பருக்கையை மட்டும் எடுங்கள், மாவு சேர்ந்தால் சிமெண்டுத் தரை போல இறுகும். கடல் மணல் வேண்டாம், அதில் உப்பு இருக்கிறது.

கலந்ததும் தொட்டியில் நிரப்பி ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். ஊற்றின கையை எடுப்பதற்குள் மேலே நிற்காமல் இறங்க வேண்டும். தேங்கி நின்றால் இன்னும் ஒரு சிரட்டை செங்கல்.

நிஷாகந்திக்கு மட்டும் வேறு கணக்கு. ஊறவைத்த கதம்பை (தேங்காய் மட்டை) துண்டு பாதி, இலைமட்கும் சாணமும் மண்ணும் சேர்த்துப் பாதி. கிழங்குச் செடிகளுக்குத் தரையே போதும். ஒரு கூடை சாணம், மேலே சருகு மூடாக்கு.

ஆறாம் படி: முதல் மாதம்

அடீனியத்தைத் தொட்டி மாற்றும்போது வேர் காயப்பட்டிருந்தால் அந்த இடம் காய நிழலில் ஒரு வாரம் அப்படியே போட்டு வையுங்கள். பயப்பட வேண்டாம், உடம்பிலேயே தண்ணீர் வைத்திருக்கிற செடி அது. நட்ட பிறகும் நான்கைந்து நாள் தண்ணீர் வேண்டாம். செடியிலிருந்து வடியும் பால் கண்ணிலோ வாயிலோ படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அடீனியத்துக்கும் யூபோர்பியாவுக்கும் இது பொருந்தும். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

பிறகு தண்ணீருக்குக் கிழமைக் கணக்கு வைக்காதீர்கள். விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள், ஈரம் தெரிந்தால் அன்று ஊற்ற வேண்டாம். பங்குனி வெயிலில் மூன்று நாளுக்கு ஒரு முறை கேட்கும் அதே செடி, ஐப்பசியில் மாதம் முழுக்கக் கேட்காது.

வைகாசி பிறந்ததும் சதைப்பற்றுத் தொட்டிகளைச் சாய்ப்புக்கு அடியில், வெளிச்சம் விழும் ஓரத்துக்கு நகர்த்துங்கள். தொட்டிக்கு அடியில் தட்டு இருந்தால் எடுத்துவிட்டு இரண்டு செங்கல் துண்டு வைத்துத் தூக்கி வையுங்கள், துளை அடைபடாது. நான் இப்போது வைத்திருக்கும் அடீனியம் இப்படி இரண்டு ஆடி மாதத்தைத் தாண்டிவிட்டது. மழைக்காலத்தில் வாரம் ஒரு முறை அதன் அடியைக் கட்டை விரலால் அமுக்கிப் பார்க்கிறேன்.